அமெரிக்கத் தடுப்பூசி இழப்பீட்டுத் திட்டம்: தன்னுடல் தாக்குநோய் வந்தவர் எதை, எவ்வளவு நிரூபிக்க வேண்டும்?

அமெரிக்காவின் தேசியத் தடுப்பூசிப் பாதிப்பு இழப்பீட்டுத் திட்டம், 1986 இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி 1988 அக்டோபர் 1 முதல் இயங்கி வருகிறது. தடுப்பூசியால் உடல்நலம் கெட்டவர், மருந்து நிறுவனம் தவறு செய்தது என்று நிரூபிக்காமலேயே இழப்பீடு பெறலாம் என்பது இதன் அடிப்படை. அமெரிக்கக் குடியுரிமை தேவையில்லை. அந்நாட்டில் போடப்பட்ட, திட்டத்தில் அடங்கிய தடுப்பூசியாக இருந்தால் போதும். ஆகவே வேலை விசாவில் இருக்கும் பொறியாளரும், பேரப்பிள்ளையைப் பார்க்க வந்த இடத்தில் ஃபுளூ ஊசி போட்டுக்கொண்ட பாட்டியும் மனுச் செய்யலாம். இத்திட்டத்தைப் பற்றிப் பொதுவாக எழுதப்பட்டவை ஏராளம். இந்த மதிப்புரை ஒரே ஒரு வகைப் பயனாளரை மனத்தில் வைத்து எழுதப்படுகிறது: தடுப்பூசிக்குப் பிறகு, உடலின் தற்காப்பு அமைப்பு சொந்த உடலையே தாக்கும் அரிய தன்னுடல் தாக்குநோய் ஒன்று வந்து, அதற்குத் தடுப்பூசியே காரணம் என்று நிரூபிக்க வேண்டிய நிலையில் இருப்பவர். சட்டத்தையும் விதிகளையும் நீதிமன்றம் வெளியிட்டுள்ள தீர்ப்புகளையும் படித்து நான் வந்தடைந்த கருத்துகள் இவை.

முதலில் அளவைச் சொல்லிவிட வேண்டும். அரசின் கணக்குப்படி, வழங்கப்படும் பத்து இலட்சம் தவணைத் தடுப்பூசிகளுக்கு ஏறத்தாழ ஒருவர் என்ற விகிதத்திலேயே இழப்பீடு பெறுகிறார்கள். அந்த ஒருவருக்கு விகிதாசாரம் ஆறுதல் தராது என்பது உண்மைதான். ஆனால் மற்றவர்கள் இதைப் படித்துவிட்டு ஊசியைத் தவிர்க்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. அவ்வளவு அரிதாக நிகழ்வது என்பதே நிரூபணத்தைக் கடினமாக்குகிறது என்பதற்காகத்தான் இந்த எண்ணை இங்கே குறிப்பிடுகிறேன்.

திட்டத்துக்கான பணம் வரிப்பணத்தின் பொதுக் கருவூலத்திலிருந்து வருவதில்லை. ஒவ்வொரு தவணை ஊசியும் எத்தனை நோய்களைத் தடுக்கிறதோ, நோய்க்கு 75 சென்ட் வீதம் தீர்வை விதிக்கப்பட்டு ஒரு தனி நிதியத்தில் சேர்கிறது. ஃபுளூ ஊசிக்கு 75 சென்ட். தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ருபெல்லா ஆகிய மூன்றையும் தடுக்கும் ஊசிக்கு 2.25 டாலர். மனு, வாஷிங்டனில் உள்ள ஃபெடரல் உரிமைக்கோரிக்கை நீதிமன்றத்தில் தாக்கலாகிறது. மருந்து நிறுவனம் அங்கே எதிர்த்தரப்பு அன்று. சுகாதாரத் துறைச் செயலரே எதிர்மனுதாரர், அவருக்காக வாதாடுவது நீதித் துறை. விசாரித்துத் தீர்ப்புக் கூறுவோர் சிறப்பு நடுவர்கள்.

இத்திட்டத்தின் மிகச் சிறந்த அம்சம் என்று நான் கருதுவது வழக்கறிஞர் கட்டண ஏற்பாடு. மனு நல்லெண்ணத்துடனும் நியாயமான அடிப்படையுடனும் போடப்பட்டிருந்தால், தோற்றாலும் வழக்கறிஞரின் கட்டணத்தையும் மருத்துவ வல்லுநரின் கட்டணத்தையும் நிதியமே தரும். நீதிமன்றம் ஒப்புக்கொண்ட தொகைக்கு மேல் வழக்கறிஞர் மனுதாரரிடம் ஒரு டாலர்கூடக் கேட்கச் சட்டம் இடந்தருவதில்லை. கிடைத்த இழப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கை வழக்கறிஞருக்குக் கொடுப்பது வழக்கமாக இருக்கும் ஒரு நாட்டில் இது சாதாரணச் சலுகை அன்று. தாக்கல் கட்டணம் 405 டாலர். வசதியற்றவர் விலக்குக் கோரலாம். ஆகவே, வழக்கறிஞர் இல்லாமல் தாமாகவே வாதாடிப் பார்க்கலாம் என்று நினைப்பவர்களுக்கு என் பதில், அதில் மிச்சப்படுவது எதுவும் இல்லை என்பதே.

இனி, நிரூபணத்துக்கு வருவோம். திட்டத்துக்குள் நுழைபவர்களுக்கு இரண்டு வழிகள் உண்டு. இரண்டும் ஒரே திட்டத்தின் பகுதிகள் என்று நம்புவதே கடினம்.

முதல் வழி, பாதிப்புப் பட்டியல். இன்ன தடுப்பூசிக்குப் பிறகு இன்ன நோய் இத்தனை நாள்களுக்குள் தொடங்கினால் தடுப்பூசியே காரணம் என்று சட்டம் தானே அனுமானித்துக்கொள்ளும். தன்னுடல் தாக்குநோய்களில் இப்பட்டியலில் இடம்பெற்றவை மிகச் சில. அவற்றில் முக்கியமானது கில்லன் பாரே நோய்க்குறி. உடலின் தற்காப்பு அமைப்பு, கைகால்களுக்குச் செல்லும் நரம்புகளைத் தாக்கி, சில நாள்களிலோ வாரங்களிலோ தசைகளைச் செயலிழக்கச் செய்யும் நோய் இது. பருவகால ஃபுளூ ஊசிக்குப் பின் 3 முதல் 42 நாள்களுக்குள் இது தொடங்கினால், 2017 மார்ச் 21 முதல் தாக்கலான மனுக்களில், மனுதாரர் காரணத்தை நிரூபிக்க வேண்டியதில்லை. தட்டம்மை முதலிய மூன்று நோய்களுக்கான ஊசிக்குப் பின் 7 முதல் 30 நாள்களுக்குள் தோன்றும், இரத்தம் உறைய உதவும் அணுக்கள் குறைந்துபோகும் நாள்பட்ட தட்டணுக் குறைவும் பட்டியலில் உள்ளது.

இந்த வழியில் சுமை அரசின் தோளுக்கு மாறிவிடுகிறது. வேறொன்றுதான் காரணம் என்று அரசு காட்ட வேண்டும். அதிலும் சட்டம் ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறது: காரணம் அறியப்படாதது, விளக்க முடியாதது, ஊகத்தின்பாற்பட்டது என்பவற்றையெல்லாம் வேறு காரணமாக முன்வைக்க முடியாது என்று வெளிப்படையாகவே எழுதி வைத்திருக்கிறது. இந்த நோய் பலருக்குக் காரணமில்லாமலும் வரும் என்று சொல்லி அரசு தப்பித்துக்கொள்ள முடியாது.

ஆனால் பட்டியலின் வாசலிலும் காவல் இருக்கிறது. கில்லன் பாரே என்று மருத்துவர் எழுதியிருந்தால் மட்டும் போதாது. பலவீனம் இருபக்கமும் இருக்க வேண்டும். அனிச்சைச் செயல்கள் குறைந்திருக்க வேண்டும் அல்லது இல்லாதிருக்க வேண்டும். தொடக்கத்திலிருந்து உச்சநிலைக்கு வர 12 மணி நேரத்துக்குக் குறையாமலும் 28 நாள்களுக்கு மிகாமலும் ஆகியிருக்க வேண்டும். நோய் தணிந்து மீண்டும் மீண்டும் திரும்பி வந்து, பின்னாளில் அது நாள்பட்ட நரம்புறை அழற்சி என்று பெயர் மாற்றப்பட்டால், அதே மனுதாரர் பட்டியலுக்கு வெளியே போய்விடுகிறார். அப்போது இரண்டாம் வழி தொடங்குகிறது.

இரண்டாம் வழியில் அனுமானம் எதுவும் இல்லை. குறுக்குத் தண்டுவட அழற்சி, பார்வை நரம்பு அழற்சி, முடக்குவாதம், மூளை, தண்டுவட நரம்புகளின் உறை சிதையும் பல்திசு இறுக்கம் (மல்டிபிள் ஸ்கிளரோசிஸ்) என எதுவாக இருந்தாலும், தடுப்பூசியே காரணம் என்பதை மனுதாரர் தாமே நிறுவ வேண்டும். எவ்வளவு உறுதியாக? ஐயத்துக்கிடமின்றி அன்று, இல்லை என்பதைவிட ஆம் என்பது சற்றே கூடுதலாக இருந்தால் போதும். ஐம்பது விழுக்காட்டுடன் ஓர் இறகின் எடை என்று அமெரிக்க வழக்கறிஞர்கள் இந்த அளவைச் சொல்வார்கள். அதை அளந்து பார்க்கும் முறையை 2005 இல் ஆல்தென் வழக்கில் ஃபெடரல் மேல்முறையீட்டு நீதிமன்றம் வகுத்தது. தடுப்பூசியால் அந்நோய் வரக்கூடும் என்பதற்கு ஒரு மருத்துவக் கோட்பாடு வேண்டும். இந்த மனுதாரரிடம் அது அவ்வாறே நடந்தது என்பதற்குக் காரண காரிய முறையில் தொடர்ச்சி காட்ட வேண்டும். ஊசிக்கும் நோய்க்கும் இடைப்பட்ட காலம் அக்கோட்பாட்டுடன் பொருந்த வேண்டும். மருத்துவ ஆய்விதழ்களில் ஆதாரம் இருந்தே ஆக வேண்டும் என்று அதற்கு முன்பு சில நடுவர்கள் விதித்திருந்த நிபந்தனையை அந்த நீதிமன்றம் தள்ளிவிட்டது. அறிவியல் இன்னும் முழுமையாக அறியாத துறையில் இரு பக்கமும் சமமாக வரும் வழக்குகளை மனுதாரர் பக்கம் சாய்த்துத் தீர்க்க வேண்டும் என்பதே நாடாளுமன்றத்தின் எண்ணம் என்றும் அது கூறியது.

தாளில் படிக்கும்போது இது மிகவும் தாராளமான விதி. அதன் தேவையும் புரிகிறது. 2011 இல் அமெரிக்காவின் மருத்துவ ஆய்வு நிறுவனமான இன்ஸ்டிடியூட் ஆஃப் மெடிசினின் வல்லுநர் குழு, தடுப்பூசியும் பக்கவிளைவுமாக 158 இணைகளை எடுத்து ஆராய்ந்தது. அவற்றில் 135 இணைகளுக்கு, தொடர்பு உண்டு என்று ஏற்கவோ இல்லை என்று மறுக்கவோ போதிய சான்று இல்லை என்பதே அதன் முடிவு. பத்து இலட்சத்தில் ஒருவருக்கோ இருவருக்கோ வரும் நோயை எந்தக் களஆய்விலும் பிடிப்பது அரிது. 1976 இல் பன்றிக்காய்ச்சல் ஊசி நான்கு கோடிக்கும் மேற்பட்டோருக்குப் போடப்பட்டபோது கில்லன் பாரே அதிகரித்தது தெளிவாகத் தெரிந்ததற்குக் காரணம், அப்போது கூடுதல் ஆபத்து இலட்சத்தில் ஒருவர் என்ற அளவில் இருந்ததும், ஒரே காலத்தில் கோடிக்கணக்கானோர் ஊசி போட்டுக்கொண்டதும்தான். இப்போதைய ஃபுளூ ஊசிகளில் அது பத்து இலட்சத்தில் ஒன்றிரண்டு என்று மதிப்பிடப்படுகிறது. அதைவிட அரிய நோய்களுக்குப் புள்ளிவிவரம் மௌனமாகவே இருக்கும். அந்த மௌனத்தை எவருக்கு எதிராகப் பயன்படுத்துவது என்பதுதான் பட்டியலுக்கு வெளியே உள்ள ஒவ்வொரு வழக்கின் உள்ளிருக்கும் கேள்வி.

நடைமுறையில் வல்லுநர்கள் முன்வைக்கும் கோட்பாடு பெரும்பாலும் ஒன்றுதான்: மூலக்கூறு ஒப்புமை. தடுப்பூசியில் உள்ள புரதத்தின் ஒரு பகுதி உடலின் சொந்தத் திசுவை ஒத்திருப்பதால், ஊசிக்கு எதிராகப் புறப்பட்ட எதிர்ப்பொருள் சொந்த உடலையே தாக்குகிறது என்பது அது. கில்லன் பாரே நோயில் இது வெறும் ஊகம் அன்று. கேம்பிலோபாக்டர் ஜெஜுனி என்னும் குடல் நுண்ணுயிரின் மேற்பரப்பும் மனித நரம்பின் கொழுப்புப் பொருள்களும் ஒத்திருப்பதும், அதனால் நோய் எழுவதும் நன்கு நிறுவப்பட்டவை. ஆனால் அங்கே நிறுவப்பட்டதை வேறு ஊசிக்கும் வேறு நோய்க்கும் அப்படியே தூக்கிக்கொண்டுபோக முடியுமா என்று நடுவர்கள் கேட்கிறார்கள். சில அமினோ அமிலங்களின் வரிசை ஒத்திருப்பது தற்செயலாகவே எங்கும் காணக்கூடியது என்பதால், கணினியில் தேடி எடுத்த ஒப்புமைப் பட்டியலை மட்டும் இணைத்துவிட்டு வென்ற மனுக்கள் குறைவு. அந்த வரிசையை எதிர்ப்பொருள் உண்மையில் பற்றுகிறதா, அது அந்த நோயில் தாக்கப்படும் திசுதானா என்பது வரை போகும் அறிக்கைகளுக்கே மதிப்பு இருக்கிறது. குறிப்பிட்ட உயிரியல் வழிமுறையை மனுதாரர் நிரூபிக்கத் தேவையில்லை என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. கோட்பாடு நம்பத்தக்கதாக இருக்க வேண்டும், சாத்தியம் உண்டு என்பது மட்டும் போதாது என்றும் அதே நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இவ்விரண்டுக்கும் இடையில் உள்ள இடைவெளியில்தான் வல்லுநர்களின் வாதம் நடக்கிறது.

என் வாசிப்பில், கோட்பாட்டைவிட அதிகமான வழக்குகளைத் தீர்மானிப்பது நாள்காட்டி. தன்னெதிர்ப்பு வினை உருவாகச் சில நாள்கள் ஆகும். ஆகவே மிக விரைவில் தொடங்கினாலும் சிக்கல், மிகத் தாமதமானாலும் சிக்கல். ஊசி போட்ட 11 மணி நேரத்தில் நரம்பியல் அறிகுறி தோன்றிய டி பசான் வழக்கு, காலம் பொருந்தவில்லை என்பதற்காக 2008 இல் மேல்முறையீட்டிலும் தோற்றது. ஃபுளூ ஊசிக்குப் பின் இரண்டு மாதத்துக்கு மேல் கழித்துத் தொடங்கும் கில்லன் பாரே நோயை நடுவர்கள் பொதுவாக ஏற்பதில்லை. எனவே அவசரச் சிகிச்சைப் பிரிவில், எப்போதிலிருந்து கால் மரத்துப்போகிறது என்று செவிலியர் கேட்கும்போது, போன மாதமாகவே என்று வாய்க்கு வந்ததைச் சொல்வது, மூன்று ஆண்டுகள் கழித்து எதிர்த்தரப்பின் அறிக்கையில் மேற்கோளாக வந்து நிற்கும். நோயாளியின் பின்னாளைய வாக்குமூலத்தைவிட அன்றைய மருத்துவக் குறிப்பையே நடுவர்கள் நம்புகிறார்கள். நாளைத் திட்டமாகச் சொல்லுங்கள். ஊசி போட்ட நாளையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

நாள்காட்டி இன்னொரு விதத்திலும் கொடியது. முதல் அறிகுறி தோன்றியதிலிருந்து 3 ஆண்டுகளுக்குள் மனுச் செய்ய வேண்டும். நோய் இன்னதென்று தெரிந்த நாளிலிருந்து அன்று. இதனால் அடிபடுவோர் தன்னுடல் தாக்குநோய் வந்தவர்களே, ஏனெனில் இந்நோய்கள் பல ஆண்டுகள் பெயரில்லாமல் நடமாடும். க்ளோயர் வழக்கில் மனுதாரருக்கு 1997 இல் முதல் அறிகுறி தோன்றியது. பல்திசு இறுக்கம் என்று உறுதியானது 2003 இல். மனு 2005 இல் தாக்கலானது. காலம் கடந்துவிட்டது என்று மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் முழு அமர்வு 2011 இல் தீர்ப்பளித்தது. அதே வழக்கில் உச்ச நீதிமன்றம் 2013 இல், காலங்கடந்த மனுவுக்கும் வழக்கறிஞர் கட்டணம் வழங்கலாம் என்றது. வழக்கறிஞருக்குப் பணம் கிடைக்கும், நோயாளிக்குக் கிடைக்காது என்ற இந்த விளைவைப் படித்தபோது சிரிப்பதா வருந்துவதா என்று தெரியவில்லை.

மனுதாரருக்கு உண்மையில் பலம் சேர்ப்பவர் சிகிச்சை அளித்த மருத்துவர். ஹெபடைடிஸ் பி ஊசியும் முடக்குவாதமும் சம்பந்தப்பட்ட கபிசானோ வழக்கில், சிகிச்சை அளித்தவர்களின் கருத்தை ஒதுக்கித் தள்ளக்கூடாது என்று 2006 இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அறிவுறுத்தியது. ஆனால் ஊசிக்குப் பின் வந்தது என்று எழுதுவதும் ஊசியால் வந்தது என்று எழுதுவதும் வெவ்வேறு. பல மருத்துவர்கள் முதலாவதை மட்டும் எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். தண்டுவட நீர்ச் சோதனை, நரம்புக் கடத்தல் சோதனை ஆகியவற்றுடன், தொற்றுக்கான சோதனைகளும் நோயின் தொடக்கத்திலேயே செய்யப்பட்டிருந்தால் நல்லது. கில்லன் பாரே வந்தவர்களில் மூன்றில் இருவருக்கு அதற்கு முந்தைய வாரங்களில் வயிற்றுப்போக்கோ சுவாசத் தொற்றோ இருந்திருக்கும் என்பதால், எதிர்த்தரப்பு முதலில் தேடுவது அதைத்தான். வேறு காரணங்களை மனுதாரர் விலக்கிக் காட்டத் தேவையில்லை என்பது சட்டம். விலக்கிக் காட்டியவரே எளிதில் வெல்கிறார் என்பது அனுபவம்.

சேவையின் சீரான தன்மைக்கு நான் அதிக மதிப்பெண் தரமாட்டேன். ஒரு சிறப்பு நடுவரின் முடிவு இன்னொருவரைக் கட்டுப்படுத்தாது. நிமோனியாத் தடுப்பூசிக்குப் பின் வந்த கில்லன் பாரே வழக்குகளில், ஏறத்தாழ ஒரே வகையான ஆதாரங்களைப் பார்த்துவிட்டுச் சில நடுவர்கள் ஏற்றிருக்கிறார்கள், சிலர் மறுத்திருக்கிறார்கள். யாரிடம் கோப்பு போய்ச் சேருகிறது என்பது விளைவைப் பாதிக்கும் ஒரு திட்டத்தை முழுமையாகப் பாராட்ட முடியாது. வேகமும் அப்படியே. 240 நாள்களுக்குள் முடிவு என்று சட்டம் கனவு கண்டது. நடுவர்கள் எட்டுப் பேருக்கு மிகக்கூடாது என்றும் அதே சட்டம் வரம்பு கட்டியது. பட்டியலுக்கு வெளியே உள்ள வழக்குகள் ஆண்டுக்கணக்கில் இழுக்கின்றன.

இதனால்தான் இழப்பீடு பெறுவோரில் சுமார் 60 விழுக்காட்டினர் சமரசத்தின் மூலமே பெறுகிறார்கள். தடுப்பூசிதான் காரணம் என்று நாங்கள் ஒப்புக்கொள்ளவில்லை என்று எழுதிவிட்டே அரசு பணம் தருகிறது. காரணம் நிரூபணமாக வேண்டும் என்ற மனநிறைவை எதிர்பார்த்து வருபவருக்கு இது ஏமாற்றம். சக்கர நாற்காலிக்கும் இயன்முறைச் சிகிச்சைக்கும் பணம் வேண்டியவருக்கு இதுவே புத்திசாலித்தனமான வழி. சமரசத்தில் பணம் வாங்கியவர்களின் எண்ணிக்கையைக் காட்டி, பார்த்தீர்களா, அரசே ஒப்புக்கொண்டுவிட்டது என்று பேசுவோரும் இந்த வரியைக் கவனிக்க வேண்டும்.

தொகையைப் பொறுத்தவரை, எதிர்கால மருத்துவச் செலவுக்கு உச்சவரம்பு இல்லை. இழந்த வருமானமும் கணக்கிடப்படுகிறது. வலிக்கும் வேதனைக்கும் 2,50,000 டாலர், இறப்புக்கு 2,50,000 டாலர் என்று 1986 இல் எழுதிய வரம்பு இன்றும் மாறவில்லை. பாதிப்பு ஆறு மாதத்துக்கு மேல் நீடித்திருக்க வேண்டும் என்பது இன்னொரு நிபந்தனை. இறந்தவருக்கும், மருத்துவமனையில் தங்கி அறுவைச் சிகிச்சையும் செய்துகொண்டவருக்கும் மட்டும் விலக்கு உண்டு. சுவாசக் கருவியில் வாரக்கணக்கில் கிடந்து, ஐந்தாம் மாதத்தில் முழுமையாகத் தேறிய கில்லன் பாரே நோயாளிக்கு எதுவும் இல்லை என்பது எனக்கு விளங்காத கணக்கு.

பிற நாடுகளைப் பார்க்கையில் இத்திட்டத்தின் மதிப்பு கூடுகிறது. பிரிட்டனில் 1979 ஆம் ஆண்டுச் சட்டப்படி, 60 விழுக்காடு ஊனம் என்ற வாசலைத் தாண்டினால் மட்டுமே ஒரே தொகையாக 1,20,000 பவுண்டு. 2009-10 இல் போடப்பட்ட பாண்டெம்ரிக்ஸ் என்னும் பன்றிக்காய்ச்சல் ஊசிக்கும், அதன் பின் குழந்தைகளுக்கு வந்த நார்கோலெப்சி என்னும் உறக்கநோய்க்கும் உள்ள தொடர்பு, ஃபின்லாந்து, ஸ்வீடன் ஆகிய நாடுகளின் பதிவேடுகளால் தெளிவான பிறகும், பிரிட்டனில் சண்டை காரணத்தைவிட அந்த 60 விழுக்காட்டின் மீதே நடந்தது; எதிர்காலப் பாதிப்பையும் சேர்த்தே ஊனத்தை அளக்க வேண்டும் என்று 2017 இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகே வழி பிறந்தது. அதே ஆண்டில் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம், ஹெபடைடிஸ் பி ஊசியும் பல்திசு இறுக்கமும் தொடர்பான பிரெஞ்சு வழக்கில், அறிவியலில் ஒருமித்த கருத்து இல்லாவிட்டாலும் திட்டவட்டமான, ஒன்றுக்கொன்று இசைந்த சான்றுகளைக் கொண்டு நீதிபதி முடிவெடுக்கலாம், ஆனால் தானாகவே அனுமானித்துக்கொள்ளும் விதி கூடாது என்றது. ஆல்தென் விதிக்குப் பக்கத்தில் வரும் தீர்ப்பு அது. ஆயினும் அங்கே தோற்றவருக்கு வழக்கறிஞர் கட்டணம் தர நிதியம் இல்லை.

வாசகர் பலர் கேட்கப்போவது கோவிட் ஊசியைப் பற்றி. அது இத்திட்டத்தில் இல்லை. அதற்குரியது 2005 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த வேறொரு திட்டம். ஊசி போட்ட நாளிலிருந்து ஓராண்டுக்குள் விண்ணப்பிக்க வேண்டும், நீதிமன்றம் இல்லை, வழக்கறிஞர் கட்டணம் இல்லை, வலிக்கும் வேதனைக்கும் எதுவும் இல்லை. ஜான்சன் அண்ட் ஜான்சன் ஊசிக்கு, கில்லன் பாரே அபாயம் உண்டு என்று 2021 ஜூலையில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே எச்சரிக்கை சேர்த்தது. அந்த ஊசியால் நடை இழந்தவர், ஃபுளூ ஊசிக்குரிய 42 நாள் அனுமானத்தையோ சமநிலை வழக்கை மனுதாரர் பக்கம் சாய்க்கும் ஆல்தென் விதியையோ நாட முடியாது. உறுதியான, நம்பத்தக்க, செல்லுபடியாகும் மருத்துவ, அறிவியல் சான்று வேண்டும். ஊசியை அடுத்து நோய் வந்தது என்ற கால நெருக்கம் மட்டும் போதாது என்று அந்தத் திட்டத்தின் விதி சொல்கிறது. விண்ணப்பம் மறுக்கப்பட்டால் அதே துறையிடம் மறுபரிசீலனை கேட்கலாம். நீதிபதியிடம் கொண்டுபோக முடியாது.